சர்ஃப் இசைக்காக ஸ்ட்ராட்டில் பிக்கப் மாற்றலாமா? எந்தப் பிக்கப் போடுவது?

கேள்வி இது: உங்களிடம் ஒரு ஸ்குவையர் ஸ்ட்ராட் (ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் எலக்ட்ரிக் கிட்டாரின் விலை குறைந்த வகை) இருக்கிறது. கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக மாற்றும் பிக்கப் மூன்று: பிரிட்ஜ் (கம்பிகள் வந்து முடியும் இடம்) பக்கம் ஹம்பக்கர், அதாவது இரட்டைக் காயில், மற்ற இரண்டு இடத்திலும் சிங்கிள் காயில். கிட்டாரை முன்னிறுத்தும் 1960களின் சர்ஃப் இசையில் பெயர்போன டிக் டேல், வென்ச்சர்ஸ் குழு மாதிரி வாசிக்க ஆசை. ஆனால் ஒலி மொத்தையாக வருகிறது, தண்ணீர் சொட்டுகிற அந்த 'டிரிப்' சத்தம் வரவே இல்லை. 'ஹாட்' (அவுட்புட் அதிகமான) பிக்கப் ஒன்றை வாங்கிப் போட்டால் சரியாகிவிடுமா?

மாற்றலாம். ஆனால் ஹாட் பிக்கப் மட்டும் வேண்டாம். உங்களுக்குத் தேவை அதற்கு நேர் எதிரான சரக்கு, அதாவது அவுட்புட் குறைந்த, பழைய பாணி சிங்கிள் காயில். சர்ஃப் என்றாலே முரட்டுத்தனமான, சத்தமான இசை என்று நினைத்துப் பலர் அதிகமாகக் காயில் சுற்றிய பிக்கப்பைத் தேடிப் போகிறார்கள். அந்த முரட்டுத்தனம் கையிலும் கம்பியிலும் ஆம்ப்பிலும் இருந்து வந்தது. பிக்கப் அந்தக் கூட்டத்தில் சாதுவான ஆள்.

1960களின் தொடக்கத்தில், தெற்குக் கலிபோர்னியாவில் இந்த இசை உருவானபோது கையில் இருந்த சாமான்கள் என்ன? டிக் டேலிடம் ஸ்ட்ராட்டோகாஸ்டர். 1961-ல் பால்போவாவின் ரான்டேவூ நடன அரங்கில் அவர் வாசித்தபோது கூட்டம் அலைமோதியது. அவ்வளவு பெரிய கூடத்துக்கு அன்றைய ஆம்ப்கள் தாங்கவில்லை. அதனால்தான் ஸ்ட்ராட்டைச் செய்த லியோ ஃபெண்டர் 15 அங்குல ஜேபிஎல் ஸ்பீக்கரோடு ஷோமேன் ஆம்ப்பைச் செய்து கொடுத்தார். டேல் போட்ட கம்பிகளோ, அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கில், முதல் கம்பி 16, ஆறாவது 60. நாம் சாதாரணமாகப் போடுவது 9 முதல் 42. அந்தத் தடிக் கம்பியை இடைவிடாத மேல் கீழ் அடியில் வெளுத்து வாங்குவார். அவருடைய அப்பா லெபனான் வம்சாவளி. அரபு இசைத் தாளமும் ஊத் என்ற நரம்பு வாத்திய வாசிப்பும் கேட்டு வளர்ந்த வீடு, அவருடைய புகழ்பெற்ற 'மிசர்லூ' மெட்டின் வேகம் அங்கிருந்து வந்தது. இவ்வளவுக்கும் நடுவே கிட்டாருக்குள் இருந்தது காயிலின் மின்தடை வெறும் ஆறு கிலோ ஓம் சுமாருக்கு உள்ள ஒரு பிக்கப்தான்.

வென்ச்சர்ஸ் கதை கொஞ்சம் வேறு. அவர்கள் கலிபோர்னியாக்காரர்களே இல்லை, வாஷிங்டன் மாநிலத்து டகோமா ஊர். முதலில் ஃபெண்டர் வைத்திருந்தார்கள், 1963 வாக்கில் மாஸ்ரைட் கிட்டாருக்கு மாறினார்கள். மாஸ்ரைட் பிக்கப்புக்கு அவுட்புட் அதிகம், ஒலியும் தடிமன். ஆகவே, "வென்ச்சர்ஸ் ஹாட் பிக்கப்தானே போட்டார்கள்?" என்று யாராவது கேட்டால், அந்தக் காலகட்டத்துக்கு அது சரிதான். ஆனால் நீங்கள் கேட்கிற 'டிரிப்' அந்த வழியில் சுலபமாகக் கிடைக்காது.

ஏன் என்று சொல்கிறேன். இதைப் புரிந்துகொண்டால் கடையில் யாரும் உங்களை ஏமாற்ற முடியாது.

அந்த டிரிப் பிறக்கிற இடம் ஸ்பிரிங் ரிவெர்ப், எதிரொலி மாதிரியான ஒலியைச் சேர்க்கும் கருவி. அது ஒரு தகரப் பெட்டிக்குள் நீளமாகக் கட்டிய இரண்டு மூன்று ஸ்பிரிங்குகள். ஒரு முனையில் உங்கள் சிக்னல் ஸ்பிரிங்கை ஆட்டும், மறுமுனையில் அந்த ஆட்டத்தை மறுபடி மின்சாரமாக எடுப்பார்கள். ஸ்பிரிங்குக்குள் எல்லா அதிர்வெண்ணும் ஒரே வேகத்தில் போவதில்லை. ஆகவே 'டக்' என்று ஒரு கூர்மையான அடி உள்ளே போனால், வெளியே வரும்போது அது கலைந்து, நீண்டு, 'ட்யுங்' என்று வழுக்கிக்கொண்டு வரும். அதுதான் டிரிப். உள்ளே போகிற அடி எவ்வளவு கூர்மையோ அவ்வளவுக்கு டிரிப் தெளிவாக இருக்கும். மொழுக்கென்று உருண்டு போன அடியைக் கொடுத்தால் ஸ்பிரிங்கும் மொழுக்கென்றுதான் பதில் சொல்லும்.

அந்தக் கூர்மையைத் தீர்மானிப்பதில் பிக்கப்பின் இண்டக்டன்ஸுக்கு (காயிலின் ஒரு மின் குணம், சுற்று கூடினால் கூடும்) பெரிய பங்கு உண்டு. பழைய பாணி ஸ்ட்ராட் பிக்கப் ஒன்றுக்கு இது ஏறக்குறைய 2.2 முதல் 2.5 ஹென்றி. சாதாரண ஹம்பக்கருக்கு 4 ஹென்றிக்கு மேல் போகும். காயிலும் கேபிளின் கெபாசிட்டன்ஸும் சேர்ந்து ஓர் அதிர்வு உச்சத்தை உண்டாக்கும், அதற்கு மேலே உள்ள ட்ரெபிள் எல்லாம் சரிந்துவிடும். கேபிளும் காயிலும் சேர்ந்து 500 பிகோஃபேரட் என்று வைத்துக் கணக்குப் போட்டால், ஸ்ட்ராட் பிக்கப்புக்கு உச்சம் 4,800 ஹெர்ட்ஸ் பக்கம் விழும். ஹம்பக்கருக்கு 3,400 பக்கம். பிக் கம்பியில் படுகிற அந்த 'டிக்' சத்தம் இருக்கிற இடமே இந்த இடைவெளிதான். காயிலை இன்னும் அதிகமாகச் சுற்றினால் உச்சம் இன்னும் கீழே இறங்கும். இரண்டாவது சங்கடம், சிக்னல் பெரிதானால் ஆம்ப்பின் முதல் கட்டத்திலேயே ஒலி சிதைந்து அடியின் முனை மழுங்கிவிடும். சர்ஃபுக்கு ஆம்ப் சுத்தமாக இருக்க வேண்டும்.

கடைக்காரர்கள் சொல்லும் கிலோ ஓம் கணக்கு ஓரளவுக்குத்தான் உதவும், காயிலில் சுற்றிய செப்புக் கம்பியின் பருமன் மாறினால் அந்த எண்ணும் மாறும். ஆனாலும் ஸ்ட்ராட் சைஸில் 5.5 முதல் 6.5 வரை இருந்தால் நல்ல அறிகுறி. 10-க்கு மேல் என்றால் வேறு கடை பாருங்கள்.

சரி, பிக்கப் வாங்குவதற்கு முன்னால் செலவில்லாத வேலை ஒன்று. இப்போது இருக்கும் பிக்கப்பின் உயரத்தைச் சரிபாருங்கள். கடைசி ஃப்ரெட்டில் கம்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கம்பியின் அடிப்பாகத்துக்கும் காந்த முனைக்கும் இடைவெளியை ஸ்டீல் ஸ்கேலால் அளக்க வேண்டும். விண்டேஜ் பாணி சிங்கிள் காயிலுக்கு ஃபெண்டர் சொல்லும் அளவு, தடிக் கம்பிப் பக்கம் 2.4 மில்லிமீட்டர், மெல்லிய கம்பிப் பக்கம் 2 மில்லிமீட்டர். இதைவிட மேலே ஏற்றினால் சத்தம் கூடும்தான், ஆனால் காந்தம் கம்பியைப் பிடித்து இழுக்கும். ஆறாம் கம்பியின் மேல் ஃப்ரெட்களில் ஒரே சுரம் இரண்டு சுருதியில் தள்ளாடுவதுபோல் கேட்டால் காரணம் இதுதான். சர்ஃபில் அடித்தொண்டைக் கம்பிகளில்தான் பாதி மெட்டு ஓடுகிறது என்பதால் இது ரொம்பவே முக்கியம். நான் நெக் பிக்கப்பை (கிட்டாரின் கழுத்துப் பக்கம் உள்ளதை) இன்னும் ஒரு சுற்று கீழேதான் வைத்திருக்கிறேன்.

அடுத்தது கம்பி. 9 செட்டை வைத்துக்கொண்டு இந்த இசையை வாசிப்பது வீண் பாடு. 16-க்குப் போக வேண்டாம், விரல் தாங்காது. 11 அல்லது 12 போதும். தடிக் கம்பி என்றால் காந்தத்துக்கு மேலே அதிக உலோகம் ஆடுகிறது, பலவீனமான பிக்கப்பிலிருந்தே போதுமான சிக்னல் வந்துவிடும். கம்பி மாற்றும்போது பின்பக்க ட்ரெமலோ ஸ்பிரிங் மூன்று இருந்தால் நான்கோ ஐந்தோ ஆக்க வேண்டும், இல்லாவிட்டால் பிரிட்ஜ் முன்னால் தூக்கிக்கொண்டு நிற்கும். நட் (கழுத்தின் மேல்முனையில் கம்பிகளைத் தாங்கும் துண்டு) பள்ளமும் கொஞ்சம் அகலப்பட வேண்டியிருக்கும். அதை அரத்தால் நீங்களே செய்யப் போகாமல் ரிப்பேர் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

மூன்றாவது ரிவெர்ப். உங்கள் ஆம்ப்பில் ரிவெர்ப் குமிழ் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறதா? அப்படியானால் எந்தப் பிக்கப் போட்டாலும் அசல் சத்தம் வராது. 1961-ல் ஃபெண்டர் கொண்டுவந்தது ஆம்ப்புக்கு வெளியே, கிட்டாருக்கும் ஆம்ப்புக்கும் நடுவே வைக்கிற தனி ரிவெர்ப் பெட்டி. அதில் ட்வெல், மிக்ஸ், டோன் என்று மூன்று குமிழ்கள். ட்வெல் என்பது ஸ்பிரிங்கை எவ்வளவு பலமாக உதைக்கிறோம் என்பது. ஆம்ப்புக்குள்ளேயே வருகிற ரிவெர்பில் பெரும்பாலும் அந்தக் குமிழ் இருக்காது. அந்தப் பெட்டியைப் போலச் செய்யும் பெடல்கள் இப்போது நிறையக் கிடைக்கின்றன. ட்வெல் குமிழ் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். கையில் இருக்கிற காசு ஒன்றுக்குத்தான் போதும் என்றால் பெடலுக்கே என் ஓட்டு. பிக்கப் அடுத்த மாதம் போட்டுக்கொள்ளலாம்.

இதெல்லாம் முடிந்த பிறகும் மாற்ற வேண்டும் என்றால், உங்கள் கிட்டாரில் மாற வேண்டியது பிரிட்ஜ் ஹம்பக்கர். ஒரு காயிலை மட்டும் ஓடவிடும் காயில் ஸ்பிளிட் சுவிட்ச் இருந்தால் முதலில் அதைப் போட்டுக் கேளுங்கள். ஹம்பக்கரில் பாதிக் காயில் ஓடுவது ஸ்ட்ராட் பிக்கப் ஆகாது, அதன் காந்த அமைப்பே வேறு. ஆனாலும் பத்தில் ஆறு மதிப்பெண் கொடுக்கலாம், சிலருக்கு அதுவே போதும்.

முழுசாக மாற்றுவதானால் இரண்டு வழி. ஹம்பக்கர் சைஸ் சட்டத்துக்குள்ளேயே சிங்கிள் காயில் வைத்த பிக்கப் வாங்கினால் பிக்கார்டை (பிக்கப்களைத் தாங்கும் முன்பக்கத் தகடு) தொட வேண்டியதில்லை. இல்லையென்றால் மூன்று சிங்கிள் காயில் துளையுள்ள புது பிக்கார்டே வாங்கி, மூன்று பிக்கப்பையும் அதில் பொருத்திவிடுவது. ஸ்குவையரின் ஸ்குரூ துளைகள் எல்லாம் ஃபெண்டர் பிக்கார்டோடு அப்படியே ஒத்துப்போகும் என்று நம்பி ஆர்டர் போடாதீர்கள். பழைய பிக்கார்டைக் கழற்றி, காகிதத்தில் வரைந்து, விற்பவரிடம் அளவு கேட்டுக்கொள்ளுங்கள்.

என் கிட்டாரின் பிரிட்ஜில் இருப்பது சேமூர் டங்கன் எஸ்எஸ்எல்-1. அல்னிகோ 5 காந்தம், உயரம் ஏற்றி இறக்கிய முனைகள், பழைய ஸ்ட்ராட் பாணி, விசேஷம் ஒன்றும் இல்லாத பிக்கப். அந்த விசேஷமின்மைதான் வேண்டும். ஃபெண்டரின் ப்யூர் விண்டேஜ் 65 செட்டும் இதே குடும்பம். வித்தியாசமாக வேண்டுமானால் லிப்ஸ்டிக் ட்யூப் பிக்கப்பை ஸ்ட்ராட் சைஸிலேயே செய்கிறார்கள். டேன்எலெக்ட்ரோ கிட்டார்களில் இருந்த வகை, அவுட்புட் இன்னும் குறைவு, கண்ணாடி மாதிரி ஒலி. டெக்சாஸ் ஸ்பெஷல், ஹாட் ரெயில்ஸ் எல்லாம் நல்ல பிக்கப்கள்தான், வேறு இசைக்கு.

ஜாஸ்மாஸ்டர் பிக்கப்பைப் பற்றி யாராவது சொல்லியிருப்பார்கள். சர்ஃப் குழுக்களின் செல்லப்பிள்ளை 1958-ல் வந்த ஜாஸ்மாஸ்டரும் 1962-ல் வந்த ஜாகுவாரும்தான். ஆனால் ஜாஸ்மாஸ்டர் பிக்கப் அகலமானது, ஸ்ட்ராட்டில் வைக்க மரத்தைக் குடைய வேண்டும். அதற்குப் பதில் கிட்டாரையே மாற்றிவிடலாம். அப்படி வாங்கப் போனால் ஒரு எச்சரிக்கை: விலை குறைந்த சில மாடல்களில் ஜாஸ்மாஸ்டர் மூடிக்குள் பி-90 மாதிரியான பிக்கப் இருக்கும். அசலில் முனைகளே காந்தங்கள். பி-90-ல் காந்தப் பட்டைகள் அடியில் படுத்திருக்கும். பார்வைக்கு ஒன்று, ஒலி வேறு.

ஜாஸ்மாஸ்டர், ஜாகுவார் இரண்டிடமிருந்தும் இலவசமாக ஒன்று திருடலாம். அவற்றில் வால்யூம் பாட் (குமிழுக்கு அடியில் உள்ள மாறும் மின்தடை) 1 மெக் ஓம். ஸ்ட்ராட்டில் 250 கிலோ ஓம். இந்த மின்தடையின் மதிப்பு கூடினால் ட்ரெபிள் கசிவது குறையும். உங்கள் கிட்டாரில் ஹம்பக்கர் இருப்பதால் ஏற்கெனவே 500 கிலோ ஓம் பாட் இருக்க வாய்ப்புண்டு. சிங்கிள் காயிலுக்கு 250 தான் போட வேண்டும் என்று சொல்வார்கள். சர்ஃபுக்கு 500-ஐ அப்படியே விட்டுவிடுங்கள். கூர்மை அதிகமாகப்பட்டால் டோன் குமிழைக் கொஞ்சம் திருப்பிக்கொள்ளலாம், இல்லாத கூர்மையைக் குமிழால் கொண்டுவர முடியாது.

சால்டரிங் பற்றி நீளமாகச் சொல்லவில்லை, காணொளிகள் கொட்டிக் கிடக்கின்றன. ஒரே ஒரு விஷயம், புது பிக்கப்பைப் பழைய இரண்டோடு சேர்த்துப் போடுவதானால் ஃபேஸ் (சிக்னலின் திசை ஒத்துப்போகிறதா என்பது) பார்க்காமல் ஈயம் வைக்காதீர்கள். டிஜிட்டல் மல்டிமீட்டரை 20 கிலோ ஓமில் வைத்து, பிக்கப்பின் இரண்டு வயரிலும் பிடியுங்கள். ஸ்குரூ டிரைவரின் உலோக முனையைக் காந்த முனைகளின் மேல் ஒட்டவைத்து, வெடுக்கென்று இழுங்கள். அந்த நொடியில் எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். மீட்டரின் சிவப்பு எப்போதும் ஹாட் வயரில், கறுப்பு எர்த் வயரில். மூன்று பிக்கப்பும் ஒரே திசையில் காட்டினால் பிரச்சினை இல்லை. ஒன்று மட்டும் எதிராகக் காட்டினால் அதன் இரண்டு வயரையும் இடம் மாற்றுங்கள். இல்லாவிட்டால் பிக்கப் தேர்வு சுவிட்ச், இரண்டு பிக்கப் சேர்ந்து ஒலிக்கும் இரண்டாம் இடத்திலோ நான்காம் இடத்திலோ வரும்போது சத்தம் சளி பிடித்த மாதிரி மூக்கால் வரும். மாற்றுவதற்கு முன் ஒரு சங்கதி: உலோக மூடி உள்ள பிக்கப்பில் மூடியும் எர்த்தில் இணைந்திருந்தால் அந்த வயரைத் தனியாகப் பிரித்த பிறகுதான் இடம் மாற்ற வேண்டும்.

கடைசியாக இரைச்சல். ஹம்பக்கரிலிருந்து வருகிறவர்களுக்கு இது முதல் நாளே அதிர்ச்சியாக இருக்கும். சிங்கிள் காயில் என்றால் ஹம் (ரீங்கார இரைச்சல்) வரும், நம்மூர் மின்சாரத்தில் அது 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும். அதோடு நம் வீடுகளின் தனிச்சிறப்பு எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர். ரெகுலேட்டரை இரண்டில் மூன்றில் வைத்திருந்தால் கிட்டாரில் 'ஜ்ர்ர்' என்று ஒரு கரகரப்பு சேரும். முழு வேகத்துக்குத் திருப்பினாலோ அணைத்தாலோ பெரும்பாலும் அடங்கிவிடும். மலிவான எல்இடி விளக்குகளும் இதே வேலையைச் செய்யும். பிக்கார்டைத் திறந்திருக்கும்போதே உள்குழியில் செம்பு டேப் ஒட்டி எர்த்தோடு இணைத்துவிட்டால் இந்தக் கரகரப்பு நன்றாகக் குறையும், ஹம் முழுசாகப் போகாது. நடுப் பிக்கப் எதிர்ச்சுற்று, எதிர்க்காந்தம் உள்ளதாக வாங்கினால் இரண்டாம், நான்காம் இடங்களில் ஹம் தானாக அடங்கும். ஆம்ப் பிளக்கின் எர்த் பின்னை மட்டும் தயவுசெய்து வெட்டிவிடாதீர்கள். ஹம் போகிறது என்று யாரோ சொன்னார்கள் என்பதற்காக உயிரோடு விளையாட முடியாது.

பழைய பிக்கார்டை வயரோடு, ஹம்பக்கரோடு அப்படியே எடுத்து ஒரு பையில் போட்டு வையுங்கள். கிட்டாரை விற்கிற நாளில் அசல் பாகங்கள் இருந்தால் வாங்குபவர் பேரம் பேசுவது குறையும். என்ன ஆம்ப் வைத்திருக்கிறீர்கள் என்று கேள்வியில் சொல்லவில்லையே, அதைக் கருத்தில் எழுதினால் ரிவெர்ப் பெடலை எங்கே இணைப்பது, ட்வெல் எவ்வளவு வைப்பது என்று சொல்கிறேன்.