கிராமத்து ஆண்களும் பெண்களும் வனவுயிர்ப் பாதுகாப்பை வெவ்வேறாகப் பார்ப்பது ஏன்?

வனவுயிர்ப் பாதுகாப்பு மனப்பான்மை என்பது, காட்டு விலங்குகள் தம் ஊரை ஒட்டி வாழ்வதை ஒருவர் எந்த அளவுக்கு ஏற்கிறார் என்பதே. 2014-இல் காவிரி வடக்கு வனவுயிர்ச் சரணாலயம் அமைந்த, கிருஷ்ணகிரி மாவட்டத்து அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கங்களில், கேழ்வரகு முற்றும் பருவத்தில் யானைகள் வயலுக்கு வரும்போது பரணில் இரவுக் காவல் இருப்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். ஆனால் விறகுக்காகக் காட்டோரம் நடப்பதும், காவலுக்குப் போனவர் திரும்பும்வரை விழித்திருப்பதும், பயிர் அழிந்தபின் உலைக்கு வழி தேடுவதும் பெண்களின் பாடு. பட்டா பெரும்பாலும் ஆண் பெயரில் இருப்பதால் இழப்பீடும், கூட்டங்களில் பேசும் வாய்ப்பும் அவரிடமே சேர்கின்றன. பாடு ஒருவருக்கும் பலன் இன்னொருவருக்குமாகப் பிரியும் இந்த நிலையையே பார்வை வேறுபடுவதற்கு முதன்மைக் காரணமாகக் கருதுகிறேன். ஒரே நெடுஞ்சாலையை லாரி ஓட்டுபவரும், குழந்தையோடு நடந்து கடப்பவரும் ஒன்றுபோல் பார்ப்பதில்லை அல்லவா? விலங்குகள் ஊரை ஒட்டி வாழ்வதைப் பெண்கள் ஏற்கத் தயங்கினால், அவர்களுக்கு விலங்குகள் மீது இரக்கம் குறைவு என்று அதைப் புரிந்துகொள்வது தவறு. அவர்கள் சொல்வது அச்சம், வெறுப்பு அன்று.