இங்கிலாந்தின் பழைய வரைபடத்தில் இருக்கும் ஊர் இப்போதைய வரைபடத்தில் இல்லையே, எங்கே போனது?

பல காரணங்கள் உண்டு. டெர்பிஷயரில் இருந்த டெர்வென்ட் கிராமம் தண்ணீருக்குள் போய்விட்டது. 1940களில் லேடிபவர் நீர்த்தேக்கம் நிரம்பியபோது வீடுகள், பெரிய மாளிகை இருந்த இடமெல்லாம் மூழ்கின. தேவாலயத்தின் கோபுரத்தை மட்டும் நினைவாக விட்டுவைத்தார்கள். அதுவும் ஆபத்து என்று 1947இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஊரின் பழைய கல்பாலத்தை முன்பே கல் கல்லாகப் பிரித்தெடுத்து, பின்னர் ஆற்றின் மேல்பகுதியில் திரும்பக் கட்டினார்கள்.

ஊர் எப்படி இருந்தது என்று பார்க்க, பிரிட்டனின் தேசிய வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் பழைய வரைபடங்கள் போதும். ஒரு மைலை 25 அங்குலமாகக் காட்டும் வகையைத் தேடுங்கள். ஒவ்வொரு வீடும் தெரியும். ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் தளத்தில் இங்கிலாந்து வரைபடங்களும் இலவசம் (பெயரைப் பார்த்து ஒதுக்கிவிடாதீர்கள்). பழையதை இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மேல் வைத்தும் பார்க்கலாம்.

ஊர்க்காரர்களின் நினைவுகளையும் படியுங்கள், ஆனால் சரிபார்த்துக்கொண்டு. கடும் வறட்சியில் நீர் வற்றும்போது அங்கே தெரிவது இடிபாடுகள்தான். சமீபத்தில் கோபுரத்தையே பார்த்ததாக யாராவது சொன்னால், 1947ஐ நினைத்துக்கொள்ளுங்கள்.