கேளுங்கள், சொல்கிறேன்: நாலு பேர், நாலு பை, கொழும்பில் ஒரே ஒரு நாள்

கேள்வி: அக்கா, நாங்கள் ஒன்றாகப் படித்த நாலு நண்பர்கள். முதுகில் பையை மாட்டிக்கொண்டு பத்து நாள் இலங்கையைச் சுற்ற வருகிறோம். யாழ்ப்பாணம், கண்டி, எல்ல எல்லாம் முடித்துக் கடைசி நாள் கொழும்பு, அன்று இரவே விமானம். பதினொரு இடங்களைக் குறித்து வைத்திருக்கிறோம், நாள் முழுக்க ஒரு ஓட்டோ பிடித்தால் எல்லாவற்றையும் பார்த்துவிட முடியுமா? கொழும்பில் ஒன்றுமில்லை, நேரே விமான நிலையத்துக்குப் போய்விடு என்றும் சிலர் சொல்கிறார்கள்.
– வாசகர், திருச்சி

பதில்: தம்பி, கொழும்பில் ஒன்றுமில்லை என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் கொழும்பைக் காருக்குள் இருந்து பார்த்தவர்கள். பதினொரு இடத்தையும் ஓட்டோவில் முடித்துவிடலாம், ஆனால் அதில் பாதி நேரம் தெற்கே காலி நகருக்குப் போகிற காலி வீதியின் நெரிசலில் முன்னால் நிற்கிற பஸ்ஸின் புகையைத்தான் பார்ப்பீர்கள்.

எனக்கு இது பட்டுத் தெரிந்த விஷயம். சில வருடங்களுக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து வந்த சினேகிதிகள் மூன்று பேரை வான் ஒன்றில் ஏற்றி ஒரே நாளில் ஒன்பது இடம் சுற்றிக் காட்டினேன். தேசிய அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேரும்போது மூடுவதற்கு இருபது நிமிடம்தான் இருந்தது, ஓட்டமும் நடையுமாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வெளியே வந்துவிட்டோம். வந்தவர்களில் ஒருத்திக்கு வேலூர் சொந்த ஊர். கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வேலூரில் சிறையிருந்து 1832இல் இறந்தது, அங்கே பாலாற்றங்கரையில் அவனுடைய சமாதி இருப்பது எல்லாம் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அவன் இருந்து ஆண்ட சிம்மாசனம் நாங்கள் ஓடிக் கடந்த அந்தக் கட்டிடத்துக்குள்தான் இருக்கிறது என்பதை ராத்திரிச் சாப்பாட்டில் நான் பேச்சுவாக்கில் சொன்னபோது அவள் முகம் போன போக்கை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. அடுத்த நாள் காலை அவளுக்கு விமானம்.

ஆகவே பதினொன்றை நாலாக்குங்கள். ஓட்டோ வேண்டாம், கால், பஸ், ரயில் போதும். பைகளை ஹாஸ்டலிலேயே விட்டுவிடுங்கள், அறையைக் காலி செய்த பிறகும் மாலைவரை வைத்திருக்கப் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். கடைத்தெருப் பகுதியான புறக்கோட்டையின் கூட்டத்துக்குள் முதுகுப் பையோடு போனால் உங்களுக்கும் கஷ்டம், மற்றவர்களுக்கும் கஷ்டம்.

காலை எட்டு மணிக்குக் கோட்டை ரயில் நிலையத்துக்கு முன்னால், ஒல்கொட் சிலையடியில் நில்லுங்கள். அங்கிருந்து புறக்கோட்டைக்குள் நடந்தே போகலாம். குறுக்குத் தெருக்களுக்கு முதலாம், இரண்டாம், மூன்றாம் என்று எண்தான் பெயர், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு வியாபாரம். இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட பள்ளிவாசல் ஒன்று நிற்கும். சுற்றுலாக்காரர்கள் சிவப்புப் பள்ளி என்பார்கள், ஜாமிஉல் அல்ஃபார் என்பது முறையான பெயர், நம் ஆட்களுக்கு அது சம்மாங்கோட்டுப் பள்ளி. 1908இல் தொடங்கி 1909இல் கட்டி முடித்தார்கள், கட்டுவித்தவர்கள் இந்தியாவிலிருந்து வந்து இங்கே வியாபாரம் செய்த முஸ்லிம்கள். அண்ணாந்து பார்த்தால் கோபுர உச்சிகள் மாதுளம்பழம் போல இருக்கும். தொழுகை நேரம் தவிர்த்துப் போய், வாசலில் இருப்பவரிடம் கேட்டுவிட்டு உள்ளே போங்கள். தெருவில் நிற்கும்போது பின்னாலும் ஒரு கண் இருக்கட்டும். நாட்டாமிகள், அதாவது சுமை தூக்கும் தொழிலாளர்கள், மூட்டை ஏற்றிய வண்டியை இழுத்துக்கொண்டு வந்தால் இலேசில் நிறுத்த முடியாது, அவர்கள் குரல் கேட்டதும் ஒதுங்கிவிடுங்கள். அவர்களுக்கு அது பிழைப்பு, நடுத்தெருவில் நின்று செல்ஃபி எடுக்காதீர்கள்.

பிரதான வீதியைப் பிடித்து நடந்தால் செட்டியார் தெரு வரும். ஆங்கிலப் பெயர்ப்பலகையில் சீ ஸ்ட்ரீட் என்று இருக்கும். வரிசையாக நகைக்கடை, இடையிடையே அடகுக்கடை, நடுவில் பழைய கதிரேசன் கோவிலும் புதிய கதிரேசன் கோவிலும். நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கட்டியவை இவை, உங்கள் ஊரிலிருந்து காரைக்குடி எவ்வளவு தூரம் என்று எண்ணிப் பாருங்கள். ஆடி மாதம் வந்தால் அதிர்ஷ்டம், இந்தத் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்கு வேல் விழா ஊர்வலம் போகும்.

அதே தெருவில் தொடர்ந்து போனால் கொச்சிக்கடை. அங்கே பொன்னம்பலவாணேஸ்வரர் கோவிலை மட்டும் தயவு செய்து தவற விடாதீர்கள். பொன்னம்பல முதலியார் 1857இல் கட்டிய கோவில். பிறகு அவருடைய மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன், 1907க்கும் 1912க்கும் இடையில், இந்தியாவிலிருந்து கருங்கல் கொண்டுவந்து முழுக்கக் கற்கோவிலாகத் திருப்பிக் கட்டினார். வெளியே துறைமுகத்து லொறிகளின் இரைச்சல், உள்ளே போனால் இருட்டு, குளிர்ந்த கல், எண்ணெய் விளக்கின் வாசம். பெயின்ட் பூசாத தூண்கள். திருச்சிக்காரருக்குக் கற்கோவில் புதிதில்லை, ஆனால் கடலைத் தாண்டி வந்த கல்லின் மேல் கையை வைத்துப் பார்ப்பது வேறு. பக்கத்திலேயே அந்தோனியார் கோவில். செவ்வாய்க்கிழமைகளில் எல்லா மதத்துச் சனமும் அங்கே வரும். 2019 ஏப்ரல் 21 அன்று உயிர்த்த ஞாயிறு பூசையில் குண்டு வெடித்த இடம் அது. அமைதியாகப் போய், கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வாருங்கள்.

பத்தரை மணிக்கு வெயில் மண்டையைப் பிளக்கும். புறக்கோட்டைக்குத் திரும்பி 138ஆம் இலக்க பஸ்ஸில் ஏறி, அருங்காட்சியகத்துக்குப் போகவேண்டும் என்று நடத்துநரிடம் சொல்லி வையுங்கள். 1877இல் திறந்த கட்டிடம், வாசலில் பெரிய ஆலமரம். சிம்மாசனத்தைச் சொல்லிவிட்டேன்: 1693இல் ஒல்லாந்தர் கண்டி அரசனுக்குக் கொடுத்தது, 1815இல் ஆங்கிலேயர் கைக்குப் போய் 1934இல் திரும்பி வந்தது. அதைவிட எனக்குப் பெரிய விஷயம் காலி மும்மொழிக் கல்வெட்டு. சீனத் தளபதி செங் ஹே 1409ஆம் ஆண்டு தேதியிட்டுச் சீனாவில் வெட்டுவித்துக் கப்பலில் கொண்டுவந்த கல். ஒரே கல்லில் சீனம், தமிழ், பாரசீகம். சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தெனவரை நாயனார் என்ற தெய்வத்துக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும் காணிக்கை: ஆயிரம் பொன், ஐயாயிரம் வெள்ளி, பட்டு, எண்ணெய். 1911இல் காலியில் ஒரு மதகின் மேல் மூடியாகக் கிடந்ததைக் கண்டுபிடித்தார்கள். எழுத்து நன்றாகத் தேய்ந்துவிட்டது. ஆனாலும் பக்கவாட்டில் சாய்ந்து வெளிச்சம் விழுகிற மாதிரி நின்று பாருங்கள், ஒரு எழுத்தாவது கண்ணில் படும். அறுநூறு வருடத்துக்கு முன் சீனாவில் யாரோ ஒரு கல்தச்சன் தமிழ் எழுத்தைப் பார்த்துப் பார்த்துக் கொத்தியிருக்கிறான் என்று நினைத்தால் எனக்கு ஒவ்வொரு முறையும் சிலிர்க்கும். மற்ற அறைகளை வேகமாகப் பார்த்தாலும் பரவாயில்லை.

தாமரைக் கோபுரம் 350 மீட்டர் உயரம், நீங்கள் போகிற இடத்திலிருந்தெல்லாம் தெரியும். நேரம் இல்லாதவர்கள் மேலே ஏற வேண்டியதில்லை. கங்காராமை என்ற பௌத்த விகாரையும் அடுத்த பயணத்துக்கு இருக்கட்டும்.

மூன்று மணிபோலக் கொள்ளுப்பிட்டி நிலையத்தில் கரையோர ரயிலைப் பிடித்து வெள்ளவத்தையில் இறங்குங்கள். தண்டவாளத்துக்கும் கடலுக்கும் நடுவில் பாறை மட்டும்தான், கடல் கொந்தளிக்கிற நாளில் உப்புத்தூறல் ஜன்னலுக்குள் வரும். கதவில் தொங்கிப் படம் எடுக்காதீர்கள், அப்படி எடுத்து உயிரை விட்டவர்கள் இருக்கிறார்கள். வெள்ளவத்தையில் ஒரு இஞ்சிப் பிளேன்டீ குடித்துவிட்டு ஐந்து மணிக்கு முன் கோட்டைப் பக்கம் திரும்பிவிடுங்கள். அந்த நேரத்து அலுவலகக் கூட்டம் கோட்டையிலிருந்து வெளியே போகிறது, நீங்கள் எதிர்த்திசையில் வருகிறபடியால் உட்கார இடம் கிடைக்கும். கோட்டையிலிருந்து காலி முகத்திடலுக்கு இருபது, இருபத்தைந்து நிமிட நடை. ஆறு, ஆறரைக்குள் சூரியன் கடலில் இறங்கிவிடும். இறால் வடை வாங்குங்கள், இஸ்ஸோ வடை என்று கேட்டால்தான் உடனே விளங்கும். தட்டையான பருப்பு வடையின் மேல் தலையும் மீசையுமாக முழு இறாலைப் பதித்துப் பொரித்திருப்பார்கள், அதை நொறுக்கி வெங்காயமும் உறைப்புக் குழம்பும் போட்டுத் தருவார்கள். சுடச்சுடப் பொரித்த தட்டிலிருந்து கேட்டு வாங்குங்கள். அப்புறம் பையை எடுத்துக்கொண்டு கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு 187 பஸ். விமானத்துக்கு நாலு மணி நேரம் முன்பாகவே கோட்டையிலிருந்து கிளம்பிவிட்டால் பதற்றம் இருக்காது.

கேள்வி: கொழும்பில் தமிழில் பேசினால் சமாளிக்கலாமா? எங்கள் குழுவில் ஒருத்தி சுத்த சைவம், அவளுக்கு என்ன செய்வது?
– வாசகி, மதுரை

பதில்: புறக்கோட்டை, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தையில் தாராளமாக. மற்ற இடங்களில் இரண்டு சிங்களச் சொல் கைகொடுக்கும்: விலை கேட்க ‘கீயத’, நன்றிக்கு ‘ஸ்தூதி’. வயதில் இளையவரை ‘மல்லி’ என்று கூப்பிடுவார்கள், தம்பி என்று அர்த்தம். நீங்கள் மரியாதையாக ‘ஐயா’ என்றால் சிங்களவர் காதில் அது ‘அண்ணா’ என்று விழும், தப்பில்லை. எங்கள் தமிழிலும் ஒன்று கவனியுங்கள் தங்கச்சி, ‘அவர் என்னைப் பேசினார்’ என்றால் இங்கே திட்டினார் என்று அர்த்தம், சாதாரணமாகப் பேசுவதற்குக் ‘கதைக்கிறது’ என்போம். பஸ்ஸில் இறங்க வேண்டுமானால் ‘இறக்கம்’ என்று சத்தமாகச் சொல்லுங்கள்.

சைவச் சிநேகிதிக்குத் தேங்காய்ச் சம்பலிலும் சீனிச்சம்பலிலும்தான் கண்டம். இரண்டிலும் மாசிக் கருவாட்டைத் தூளாக்கிப் போடுவது வழக்கம், பார்த்தால் தெரியாது. வாயில் வைப்பதற்கு முன் ‘மாசி போட்டதா’ என்று கேட்கச் சொல்லுங்கள். ‘சைவக் கடை’ எங்கே என்று விசாரித்துப் போனால் அந்தக் கவலையே இல்லை, வெள்ளவத்தையிலும் செட்டியார் தெருப் பக்கத்திலும் இருக்கின்றன. சில கடைகளில் நீங்கள் கேட்காமலே ரோல்ஸ், பற்றிஸ், வடை எல்லாம் ஒரு தட்டு நிறைய மேசையில் கொண்டுவந்து வைப்பார்கள். பயப்பட வேண்டாம், எடுத்துச் சாப்பிட்டதற்கு மட்டும்தான் காசு. அந்தத் தட்டில் மீனும் மரக்கறியும் கலந்து இருக்கும் என்பதால் உங்கள் சிநேகிதிக்குத் தனித் தட்டாகச் சொல்லி எடுங்கள்.