கோவூரை வாசிக்கிறவர் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் இறங்கலாமா? கேள்வி பதில்

பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூரைப் பற்றியும், சாமி கும்பிடுகிற வீட்டில் சாமி கும்பிடாமல் இருப்பதைப் பற்றியும் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். பெயர்கள் போடவில்லை. வன்னியில் ஊரைச் சொன்னாலே பாதி ஆளைப் பிடித்துவிடுவார்கள் என்பதால் சிலருக்கு ஊரும் இல்லை.

புதுக்குடியிருப்பு: சேர், கோவூர் கோவூர் எண்டு சொல்லுறியள். ஆர் அவர்?

1898இல் கேரளத்துத் திருவல்லாவில் பிறந்தவர். தகப்பனார் மார்த்தோமா சபையில் பெரிய குரு. 1928இல் இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் படிப்பித்தார். கடைசியாகக் கொழும்பு தேர்ஸ்டன் கல்லூரியில் இருந்து 1959இல் ஓய்வு பெற்றார். அதற்குப் பிறகுதான் பேயோட்டுகிறவர்கள், குறி சொல்கிறவர்கள், சாமியார்கள் எல்லாரோடும் பகிரங்கமாக மோதினார். ஏமாற்ற வழியில்லாத ஏற்பாட்டில் அற்புதம் ஒன்றைச் செய்து காட்டுகிறவருக்கு ஒரு இலட்சம் ரூபா என்று 1963இல் சவால் விட்டார். 1978இல் அவர் சாகும்வரை அந்தக் காசை ஒருவரும் வெல்லவில்லை.

முள்ளியவளை: மாமா தீமிதிச்சவர். காலில ஒரு கொப்புளமும் இல்லை. இதுக்கு உங்கட கோவூர் என்ன சொல்லுவார்?

அவருடைய சவாலில் தணலும் ஒரு விடயம்தான் தம்பி. ஆனால் நடக்கச் சொல்லவில்லை, அசையாமல் அரை நிமிடம் நிற்கச் சொன்னார். மரக்கரி வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும், மேலே சாம்பலும் படிந்திருக்கும். ஒரு காலடி ஒரு செக்கனுக்கும் குறைவாகவே தணலில் படுகிறது, தோல் வேக அது போதாது. அதே இடத்தில் இரும்புத் தகடு கிடந்தால் கதை வேறு. மாமா விரதம் இருந்து இறங்கினது துணிச்சல்தான், அதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். நீங்கள் மட்டும் வளவுக்குள் தணல் கொட்டிப் பரிசோதிக்க வெளிக்கிடாதையுங்கோ.

ஊர் வேண்டாம்: அண்ணா 2009 மே மாதம் காணாமல் போனவர். தெற்கில ஒரு காம்பில உயிரோட இருக்கிறார் எண்டு ஒரு குறிகாரர் அம்மாவுக்குச் சொல்லி, பரிகாரத்துக்கு எண்டு காசு வாங்கிக்கொண்டே இருக்கிறார். கோவூர் எழுதினதை அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினன். இப்ப என்னோட கதைக்கிறா இல்லை.

அந்தப் புத்தகத்தை முதலில் அலுமாரிக்குள் வையுங்கோ தங்கச்சி.

உடல் கிடைத்த வீட்டில் கொள்ளி வைக்கலாம், அந்தியேட்டி செய்யலாம், அழுது முடிக்கலாம். உங்கள் அம்மாவுக்கு அது ஒன்றும் கிடைக்கவில்லை. விறாந்தையில் மாட்டின படத்துக்கு மாலை போடுவதா விடுவதா என்றே தெரியாமல் இருக்கிற மனுசி அவ. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் குந்தினார்களே, அரசாங்கத்திடம் பதில் கேட்டவர்களும் அவர்கள்தான், முருகனிடம் அழுதவர்களும் அவர்கள்தான். அந்த அழுகைக்குள் போய் நாத்திகம் பேசுவது எனக்குப் பிடிக்காது.

குறிகாரர் வேறு. அவர் துக்கத்தை வைத்துக் காசு பார்க்கிறார். கோவூர் சண்டை பிடித்தது இந்த ஆட்களோடுதான். மூடி ஒட்டின உறைக்குள் ஒரு நோட்டை வைத்து, அதன் இலக்கத்தைச் சொல்லு பார்ப்போம் என்று கேட்பது அவருடைய வழி. அதையே இங்கே செய்யலாம். அடுத்த முறை அம்மாவோடு நீங்களும் போங்கோ. அண்ணாவின் உடம்பில் இருந்த தழும்போ, சின்னனில் வீட்டுக்குள் கூப்பிட்ட பெயரோ, வெளியில் ஒருவருக்கும் தெரியாத ஒன்றை அம்மாவே கேட்கட்டும். அவ சம்மதித்தால் மட்டும். சம்மதிக்காவிட்டால் வற்புறுத்தாமல், அந்த ஆள் இதே காம்புக் கதையை இன்னும் எத்தனை வீட்டில் சொல்லியிருக்கிறார் என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கோ. மற்றத் தாய்மார் வாயால் வருகிறதை அம்மா கேட்பா. கோயிலுக்குப் போறதை மறிக்காதையுங்கோ.

கிளிநொச்சி, மாணவர்: கடவுளை நம்பாத நான் சாதாரண தரப் பரீட்சையில சைவநெறிப் பாடம் எழுதுறது நடிப்பு இல்லையா?

இல்லை. கட்டாய பாடம், படித்து ஏ எடு. மத்திய கல்லூரியில் கோவூரிடம் ஒருமுறை கிறிஸ்தவ வேதபாட வகுப்பைக் கொடுத்தார்களாம். பிள்ளைகள் எல்லாரும் பாஸ், பலருக்கு விசேட சித்தி. அடுத்த வருடம் வகுப்பு அவருக்கு இல்லை. ஏனென்று கேட்டால், பெறுபேறு நல்லதுதான், பிள்ளைகளின் விசுவாசம் போய்விட்டதே என்றாராம் அதிபர். தேவாரத்தையும் விடாதே, அப்பர் எழுதின தமிழ் உன்னுடையதும்தான்.

மாங்குளம்: பஸ் முறிகண்டியில நிக்கேக்க நான் மட்டும் இறங்காமல் இருப்பன். அப்பாவுக்குக் கோபம்.

இறங்குங்கோ! ஏ9 வீதியில் போகிறவர்கள் காலாற இறங்குகிற இடம் அது. அப்பா கற்பூரம் கொளுத்தட்டும், நீங்கள் சுடச்சுடக் கச்சான் ஒரு சரை வாங்குங்கோ. சாரதி திருநீறு நீட்டினால் வேண்டாம் என்று சிரித்துக்கொண்டு சொன்னால் போதும், விளக்கம் கேட்க அவருக்கு நேரமில்லை.

ஒட்டுசுட்டான்: ஐயர் இல்லாமல் கலியாணம் செல்லுமா?

செல்லும். 1907ஆம் ஆண்டுத் திருமணப் பதிவுச் சட்டத்துக்குப் பதிவாளரும் சாட்சிகளும் காணும். தாலிப் பிரச்சினையைச் சட்டம் தீர்க்காது, அது நீங்களும் மாமியாரும் கதைத்து முடிக்கிற காரியம்.

வவுனியா: கோவூர் தன் உடம்பையே கொடுத்தவராமே. நானும் கொடுக்க விருப்பம். அப்பா செத்தால் கொள்ளி வைக்கத்தான் வேணுமா?

கண்ணைக் கண்வங்கிக்கும், உடம்பை மருத்துவ மாணவர்களுக்கும், எலும்புக்கூட்டைத் தேர்ஸ்டன் கல்லூரி விஞ்ஞானகூடத்துக்கும் எழுதி வைத்தவர். நீங்கள் செய்யலாம், 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. அப்பாவின் விடயம் அப்பாவைக் கேட்டு. மூத்த மகன் கொள்ளி வைக்க வேண்டும் என்பது அவர் ஆசையென்றால் நான் வைப்பேன், அதால் என் கொள்கை ஒன்றும் எரிந்து போகாது. உடம்பைக் கொடுப்பதாக எழுதுகிற உங்கள் கடிதத்தை மட்டும் மறைத்து எழுதாதையுங்கோ. மனைவி, பிள்ளைகள், சகோதரங்கள் எல்லாருக்கும் இப்பவே காட்டுங்கோ. செத்த வீட்டில் அவர்கள் உடம்பை விட்டுக் கொடுக்காவிட்டால் மருத்துவபீடம் வந்து இழுபறிப்படாது.