ஹார்மோன் சிகிச்சை எடுத்தால் பி.பி. ஏறுமா?

கேள்வி: எனக்கு வயது 52. மாதவிடாய் நின்று ஒன்றரை வருடம் ஆகிறது. இரவில் உடம்பெல்லாம் கொதித்து, வியர்த்து, தூக்கமே போய்விட்டது. மருத்துவர் ஈஸ்ட்ரோஜன் சிகிச்சை எடுக்கலாம் என்கிறார். நான் ஏற்கெனவே பி.பி. மாத்திரை சாப்பிடுகிறேன். ஹார்மோனால் பி.பி. ஏறிவிடாதா?

பதில்: நீங்கள் அதை மாத்திரையாக விழுங்கப் போகிறீர்களா, தோலில் பேட்ச் அல்லது ஜெல்லாகப் போடப் போகிறீர்களா என்பதைப் பொறுத்தது.

ரத்தக் குழாயின் உட்புறம் முழுவதும் எண்டோதீலியம் என்ற ஒற்றை அடுக்குச் செல்கள் இருக்கின்றன. ஈஸ்ட்ரோஜன் பட்டதும் இவை நைட்ரிக் ஆக்ஸைடைக் கூடுதலாகச் சுரக்கும். அது சுவரிலுள்ள தசையைத் தளர்த்த, குழாய் விரிகிறது. ஆக, குழாயைப் பொறுத்தவரை ஈஸ்ட்ரோஜன் நல்லதே செய்கிறது.

சிக்கல் கல்லீரலில் வருகிறது. விழுங்கிய மாத்திரை குடலிலிருந்து நேராக அங்கேதான் போகும். அந்த அளவைக் கண்டதும் கல்லீரல் ஆஞ்சியோடென்சினோஜன் என்ற புரதத்தை அதிகம் தயாரிக்கிறது; குழாயைச் சுருக்கி உப்பைத் தேக்கும் ஆஞ்சியோடென்சின்-2 அதிலிருந்துதான் உருவாகிறது. ரத்தம் உறையும் போக்கும் கூடுகிறது. தோல் வழியே போகும் ஈஸ்ட்ரோஜன் முதலில் ரத்தத்தில் கலந்துவிடுவதால் கல்லீரலுக்கு இந்தத் தூண்டுதல் மிகக் குறைவு. அதனால் உங்களைப் போன்றவர்களுக்கு பேட்ச் அல்லது ஜெல்லைத்தான் நான் முதலில் சொல்வேன்.

அப்புறம், வயதும் முக்கியம். கொழுப்பு படிந்து இறுகிய குழாயில் செல்கள் ஈஸ்ட்ரோஜனுக்குப் பழையபடி இசைவதில்லை. ஹார்மோன் சிகிச்சையால் மாரடைப்பும் மார்பகப் புற்றுநோயும் கூடுவதாகச் சொல்லி 2002-இல் பலரையும் பயமுறுத்திய அமெரிக்க ஆய்வில் கலந்துகொண்டவர்களின் சராசரி வயது 63. அவர்கள் எடுத்ததும் விழுங்கும் மாத்திரை. 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று 10 வருடத்துக்குள் தொடங்குவது நல்லது என்பது இன்றைய நிலைப்பாடு. நீங்கள் அதற்குள்தான் இருக்கிறீர்கள்.

பி.பி. கட்டுக்குள் இல்லையென்றால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். சிகிச்சை தொடங்கியபின் சில வாரங்கள் வீட்டிலேயே, ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து, பி.பி. பார்த்துக் குறித்து வையுங்கள். உடம்பு கொதிக்கும் நேரத்தில் பார்க்க வேண்டாம். கர்ப்பப்பை இருந்தால் புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோனையும் சேர்த்தே எடுக்க வேண்டும், இதில் சமரசமே கூடாது. மருத்துவர் டிராஸ்பைரினோன் (புரோஜெஸ்டிரோன் போலச் செயல்படும் செயற்கை ஹார்மோன்) கலந்த மருந்து எழுதினால், உங்கள் பி.பி. மாத்திரையின் பெயரைக் கட்டாயம் சொல்லுங்கள். ‘ப்ரில்’, ‘சார்டன்’ என முடியும் மருந்துகளோடு சேர்ந்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறலாம்.

மார்பகப் புற்றுநோய், பக்கவாதம், மாரடைப்பு, காலில் ரத்தக்கட்டு இவற்றில் ஏதாவது முன்பு வந்திருந்தால், தொடங்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அப்போது ஹார்மோன் இல்லாத வேறு மருந்துகளைப் பற்றிப் பேசலாம்.