மண்டோதரியும் சதுரங்கமும்: கண்காட்சிப் பலகைக்கு என் பதில்

வணக்கம் டீச்சர். களுவாஞ்சிக்குடியில் நடத்தப்போகும் பாடசாலைக் கண்காட்சியில் "சதுரங்கத்தைக் கண்டுபிடித்தவர் மண்டோதரி" என்று எழுதலாமா எனக் கேட்டிருந்தீர்கள். தாராளமாக எழுதுங்கள், ஆனால் ஐதீகம் என்று தலைப்பிட்டு எழுதுங்கள். இராமன் இலங்கையை முற்றுகையிட்டபோது இராவணனுக்காக அவன் மனைவி அமைத்த ஆட்டம் இது என்ற கதையை, 1790இல் வெளியான தன் கட்டுரையில் கீழைத்தேய மொழிகளை ஆராய்ந்த அறிஞர் வில்லியம் ஜோன்ஸ் குறிப்பிட்டார். அதற்கு வரலாற்றுச் சான்று கிடையாது.

சான்றோடு நிற்பது வேறு. 6ஆம் நூற்றாண்டளவில் வட இந்தியாவில் யானை, தேர், குதிரை, காலாள் என்ற நாற்படையோடு ஆடிய ஆட்டம், பாரசீகம் சென்று, அரபு மக்கள் வழியாக ஐரோப்பாவை அடைந்தது. பிள்ளைகளுக்கு யானையின் கதையைச் சொல்லுங்கள், அவர்கள் மறக்கவே மாட்டார்கள். ஆங்கிலத்தில் பிஷப் எனப்படும் காயை ஸ்பானியர் இன்றும் 'அல்ஃபில்' என்கிறார்கள். அரபியில் 'அல் ஃபீல்' என்றால் யானை! ராணியும் முன்பு மூலைவாக்கில் ஒரு கட்டம் மட்டுமே நகர்ந்த மந்திரிதான். 15ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் அதற்கு இன்றைய வலிமை வந்தது.

பல்லாங்குழிக்கும் ஒரு மேசை ஒதுக்குங்கள். என் அம்மம்மாவின் பலகையில் 14 குழிகள். புளியங்கொட்டை உரசி உரசி ஒவ்வொரு குழியின் அடியும் வழவழத்துப் போயிருந்தது. சிங்கள அயலவர் இதே வகை ஆட்டத்தைக் குன்றிமணி கொண்டு ஆடி, 'ஒலிந்த கெலிய' என்கிறார்கள். ஆபிரிக்காவின் மன்கலா ஆட்டங்களும் இதே இனம். தயவுசெய்து பலகையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டாதீர்கள், வருகிறவர்கள் உட்கார்ந்து ஆடட்டும்.