புது கம்ப்யூட்டர் போடப் போகிறீர்களா? சேலம், ஏற்காடு வாசிகளின் கேள்விகளுக்குப் பதில்

சேலத்தில் வீடுகளுக்கும் பட்டறைகளுக்கும் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுப்பது 15 வருடமாக என் வேலை. புதிதாகப் பெரிய மெஷின் போட நினைப்பவர்கள் கேட்ட கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். வீடியோவில் நாம் பார்க்கும் மெஷின்கள் பெரும்பாலும் ஏசி அறையில் ஓடுபவை. நம் ஊரில் ஏப்ரல், மே மதியம் வெயில் 40 டிகிரியைத் தொடும். கரண்ட் சொல்லாமல் போகும், வரும். அதனால் எஸ்எம்பிஎஸ் (மெஷினுக்குள் கரண்டை மாற்றிக் கொடுக்கும் பெட்டி), கேபினட், எர்த் இந்த மூன்றுக்கும் பணம் ஒதுக்கிய பிறகுதான் நான் பிராசசர் பேச்சையே எடுப்பேன்.

அம்மாபேட்டை, கல்லூரி மாணவர்: அண்ணா, கேமிங்குக்கு ஒன்றரை லட்சம் வைத்திருக்கிறேன். ரைசன் 7 9800எக்ஸ்3டி வாங்கிவிட்டு கிராபிக்ஸ் கார்டில் மிச்சம் பிடிக்கலாமா? மானிட்டர் 1440பி.

வேண்டாம் தம்பி. அந்த பிராசசரின் பலமே 96 எம்பி எல்3 கேஷ்தான், அதாவது சிப்புக்குள்ளேயே இருக்கும் வேகமான மெமரி. சாதாரண ஃபுல் எச்டி திரையான 1080பி-யில் நொடிக்கு 240 ஃபிரேம், 300 ஃபிரேம் என்று துரத்துகிறவர்களுக்கு அது உண்மையிலேயே தங்கம். அதை விடப் புள்ளிகள் அதிகமுள்ள 1440பி-யில் எல்லா செட்டிங்கையும் ஏற்றி வைத்து ஆடும்போது சுமை முழுக்க கிராபிக்ஸ் கார்டு மேல்தான் விழும். ரைசன் 5 9600எக்ஸ் மாதிரி 6 கோர் (சிப்புக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி) உள்ள பிராசசர் போதும். மிச்சப் பணத்தை 16 ஜிபி மெமரி உள்ள கார்டில் போடுங்கள். இந்த ரைசன் பிராசசர்கள் உட்காரும் ஏஎம்5 சாக்கெட்டுக்கு 2027 வரையாவது புது பிராசசர் வரும் என்று, அதைத் தயாரிக்கும் ஏஎம்டி சொல்லியிருக்கிறது. பிராசசரைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம், மதர்போர்டு அப்படியே இருக்கும். கார்டு வாங்கும்போது பெட்டியை நன்றாகப் படியுங்கள். ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ ஒரே பெயரில் 8 ஜிபி, 16 ஜிபி என்று இரண்டு விதமாக வருகிறது.

செவ்வாய்ப்பேட்டை, வெள்ளிப் பட்டறை: கொலுசு டிசைனை 3டி-யில் வரைகிறோம். ரெண்டரிங் போட்டால் ராத்திரி முழுக்க ஓடுகிறது. எத்தனை கோர் வேண்டும்?

வரைவது ஒரு வேலை, வரைந்ததை நிஜம் போன்ற படமாக மாற்றும் ரெண்டரிங் வேறு வேலை. மாடலை வரைந்து திருத்தும்போது பெரும்பாலும் ஒரே ஒரு கோர்தான் உழைக்கும். அங்கே கோர் எண்ணிக்கையால் பயனில்லை, கிளாக் வேகம்தான் வேண்டும். ரெண்டரிங் எல்லா கோரையும் பிழிந்துவிடும். உங்கள் சாஃப்ட்வேர் கிராபிக்ஸ் கார்டில் ரெண்டர் செய்யுமா என்று முதலில் பாருங்கள். செய்யும் என்றால் நடுத்தர பிராசசரும் 16 ஜிபி கார்டும் போதும். செய்யாது என்றால் 16 கோர் ரைசன் 9-க்குப் போங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். பாலிஷ் போடும் இடத்தில் பறப்பது வெறும் தூசி இல்லை, உலோகத் தூள். அதில் கரண்ட் பாயும். ஃபேன் அதை இழுத்து போர்டின் மேல் படிய வைத்தால் ஷார்ட் ஆகும். மெஷினை வேறு அறையில், முடிந்தால் மாடியில் வையுங்கள். பாலிஷ் மோட்டார் ஓடும் லைனில் செருகாதீர்கள்.

சூரமங்கலம்: இன்டெல் 14ஆம் தலைமுறை ஐ9, பழசு, பாதி விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

பில் இல்லை என்றால் தொடாதீர்கள். 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்களில் வோல்டேஜ் அளவுக்கு மீறி ஏறி, சிப் மெதுவாகத் தேய்ந்துபோகும் கோளாறு இருந்ததை இன்டெல்லே 2024இல் ஒப்புக்கொண்டது. மைக்ரோகோட் (சிப்புக்குள் ஓடும் அடிப்படை நிரல்) திருத்தம் கொடுத்தார்கள், வாரண்டியையும் இரண்டு வருடம் நீட்டினார்கள். அந்தத் திருத்தம் இனிமேல் தேயாமல் காக்கும். ஏற்கெனவே தேய்ந்த சிப்பைச் சரி செய்யாது. முந்தைய ஆள் அந்தத் திருத்தம் வரும் பயாஸ் (போர்டின் அடிப்படை சாஃப்ட்வேர்) அப்டேட் செய்யாமல் எத்தனை மாதம் ஓட்டினார் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

ஹஸ்தம்பட்டி: லிக்விட் கூலர் போட்டால்தான் நம் வெயிலுக்குத் தாங்குமா?

எந்தக் கூலரும் அறைக் காற்றை விடக் குளிர்ச்சியாக எதையும் ஆக்க முடியாது. ஏசி அறை 26 டிகிரி, உங்கள் அறை 40 என்றால், அதே கூலரில் பிராசசர் கிட்டத்தட்ட 14 டிகிரி கூடுதலாகத்தான் இருக்கும். ஆக, 120 வாட் பிராசசருக்கு இரட்டை டவர் ஏர் கூலர் நிம்மதி. அதில் பழுதாவதற்கு ஃபேன் மட்டும்தான் இருக்கிறது. 200 வாட்டைத் தாண்டும் பிராசசர் என்றால் லிக்விட் பக்கம் போங்கள். இரண்டுக்கும் முன்னால் கேபினட். முன்பக்கம் கண்ணாடி வேண்டாம், வலை போட்டதாக எடுங்கள்.

ஏற்காடு, நாகலூர் பக்கம், ஒரு அக்கா: பையனுக்கு எடிட்டிங் மெஷின் போட்டோம். கேபினட்டைத் தொட்டால் ஜிவ்வென்று இழுக்கிறது. மூடுபனி ஈரத்தாலா? மின்னலுக்கும் பயமாக இருக்கிறது.

அக்கா, அது பனி ஈரம் இல்லை, எர்த் இல்லாததுதான் காரணம். எஸ்எம்பிஎஸ் உள்ளே ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் எர்த்துக்குச் சின்ன கெபாசிட்டர்கள் போட்டிருப்பார்கள். எர்த் ஒழுங்காக இருந்தால் அந்தக் கசிவு பூமிக்குள் போய்விடும். இல்லாவிட்டால் கேபினட் தகடு 230 வோல்ட்டில் பாதி, சுமார் 115 வோல்ட்டில் மிதக்கும். அந்தக் கரண்ட் மிகக் குறைவு என்பதால் ஜிவ்வென்பதோடு நின்றுவிடுகிறது. நாளைக்கு உள்ளே ஒரு வயர் நிஜமாகவே பாடியில் பட்டால் உயிருக்கே ஆபத்து. எர்த்தைச் சரிபார்க்கும் வரை பையனை அதில் உட்கார வைக்காதீர்கள்.

மலையில் பாறைதான் அதிகம், அதனால் கம்பியை அடித்தால் மட்டும் எர்த் கிடைத்துவிடாது. ஆழமாகக் குழி எடுத்து, கரியும் உப்பும் போட்டு, கோடையில் தண்ணீர் ஊற்றி வர வேண்டும். எலக்ட்ரீசியனை எர்த் டெஸ்டரோடு வந்து அளக்கச் சொல்லுங்கள். சிலர் வேலை முடிந்தால் போதும் என்று பிளக் பாயிண்டிலேயே எர்த் பின்னை நியூட்ரலோடு சேர்த்துவிடுவார்கள். அதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள், அது எர்த் இல்லாததை விட மோசம்.

மின்னலுக்கு ஸ்பைக் பஸ்டரை நம்ப வேண்டாம். இடி கேட்டதுமே பவர் பிளக்கையும், ரவுட்டரிலிருந்து வரும் நெட் கேபிளையும் கழற்றிவிடுங்கள். கேபிள் வழியாக வந்த மின்னலில் போர்டு போன வீடுகளை நானே பார்த்திருக்கிறேன்.

மூடுபனியைப் பற்றி அதிகக் கவலை வேண்டாம். ஓடும் மெஷின் சுற்றியுள்ள காற்றை விடச் சூடாக இருப்பதால் அதில் ஈரம் படியாது. மழை மாதத்தில் வாரக்கணக்கில் மூடி வைப்பதுதான் கெடுதல், தினமும் ஒரு மணி நேரமாவது ஓட்டுங்கள். சர்வீஸுக்குச் சேலம் கொண்டு வந்தால், குளிர்ந்த தகடு கீழே உள்ள சூட்டுக் காற்றில் வியர்க்கும். மூன்று, நான்கு மணி நேரம் விட்டுத்தான் ஆன் செய்ய வேண்டும். அப்புறம், கிராபிக்ஸ் கார்டைக் கழற்றித் தனியாக எடுத்து வாருங்கள். 20 கொண்டை ஊசி வளைவிலும் கனமான கார்டு ஆடினால் ஸ்லாட் விரிசல் விடும்.

ஓமலூர்: ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ போட்டிருக்கிறேன். 600 விஏ யுபிஎஸ் போதுமா? வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டலாமா?

போதாது. 600 விஏ என்பது பெரும்பாலும் 360 வாட்தான். அந்தக் கார்டு மட்டுமே 300 வாட் இழுக்கும். குறைந்தது 600 வாட் தரும் யுபிஎஸ், அதுவும் வீட்டு லைன் கரண்ட் போலவே சீரான அலையாகத் தரும் சைன் வேவ் வகை வேண்டும். இன்வெர்ட்டரும் சைன் வேவ்தானா, யுபிஎஸ் மோடில் இருக்கிறதா என்று பாருங்கள். மற்ற மோடில் கரண்ட் மாறும் இடைவெளி அதிகம், மெஷின் அணைந்துவிடும். 750 வாட், ஏடிஎக்ஸ் 3.1 (எஸ்எம்பிஎஸ்ஸின் புதிய தர அளவு) எஸ்எம்பிஎஸ் எடுங்கள். கார்டுக்குப் போகும் 16 பின் கனெக்டரை இடைவெளி தெரியாத அளவு அழுத்திச் செருக வேண்டும், பாதி நுழைந்தால் உருகும். பட்ஜெட் இடிக்கிறது என்று நானே ஒருமுறை பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ் போட்டுக் கொடுத்தேன். முதல் கோடையிலேயே அது போர்டையும் சேர்த்து எரித்தது. புது போர்டை என் காசில் வாங்கிக் கொடுத்தேன். அன்றிலிருந்து யார் கேட்டாலும் அதில் குறைப்பதில்லை.

ஆத்தூர்: 16 ஜிபி ராம் நான்கு போடலாமா? ஜென்5 எஸ்எஸ்டி வாங்கட்டுமா?

இரண்டு 32 ஜிபி போடுங்கள். ஏஎம்5 போர்டில் நான்கு டிடிஆர்5 ராம் போட்டால் வேகம் இறங்கிவிடும். இரண்டு என்றால் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட். முதல்முறை ஆன் செய்ததும் ராமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கும், பயந்து பவரை அணைக்காதீர்கள். எஸ்எஸ்டி முந்தைய தலைமுறையான ஜென்4 போதும், அதை விட வேகமான ஜென்5 சூடு அதிகம்.

குகை: 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறிக் கிடக்கிறது. மாதம் ஒரு பார்ட்டாகச் சேர்த்து வாங்கலாமா?

உங்கள் கஷ்டம் புரிகிறது, ஆனால் அப்படிச் செய்யாதீர்கள். முதல் மாதம் வாங்கிய போர்டில் சாக்கெட் பின் வளைந்திருப்பது ஆறாவது மாதம் பிராசசர் வந்த பிறகுதான் தெரியும். மாற்றிக் கேட்கும் நாள் அதற்குள் முடிந்திருக்கும். பணம் சேரட்டும், ஒரே வாரத்தில் எல்லாம் வாங்குங்கள். ஜிஎஸ்டி பில்லில் சீரியல் நம்பர் எழுதி வாங்குங்கள். போர்டு பெட்டியைக் கடையிலேயே பிரித்து, சாக்கெட் மூடியைத் தூக்கி, பின் எல்லாம் நேராக இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்த பிறகு காசு கொடுங்கள்.